மேடைக்கு ஒரு கட்டுக்கழுத்தி

எங்க தெருவுல புருசனைப் பறிகுடுத்தவிய நாங்க அஞ்சு பேரு. அஞ்சு ஊட்டுப் பிள்ளைகளும் படிக்கறது ஒரு அறக்கட்டளை காசுலதான். அந்தப் பிள்ளைகளை வருசத்துக்கு ஒண்ணா மேடையேத்தி, சேர்மன் கையில செக்கு வாங்கி, பத்திரமா எறக்கிக் கூட்டிட்டு வந்தது எதுத்த ஊட்டுப் பாவாயக்கா. பெத்தவிய நாங்க கீழ பிளாஸ்டிக் சேர்ல உக்காந்து கை தட்டிட்டு இருந்தோம். பெத்தவ ஏன் போகலேன்னு கேப்பீங்க. அதைச் சொல்லத்தான் இத்தனையும்.

என்ற ஊட்டுக்காரரு ரிக்கு லாரியில வேலை பாத்தாரு. போர் போடற வண்டி. மத்தியப் பிரதேசத்துல ஏதோ ஒரு காட்டுல பைப்பு சரிஞ்சு மேல விழுந்து போயிட்டாரு. பையன் சரவணக்குமாரு அப்ப எட்டாவது. ரிக்கு ஓனரு கருமாதிக்கு வந்து ஒரு கவரைக் குடுத்தாரு, வெச்ச காபியைக் கூடக் குடிக்காம எந்திரிச்சுப் போனாரு, அப்பறம் நான் போன் பண்ணா எடுக்கறதே இல்லை. நான் மூலையில கெடந்தேன். பாவாயக்காதான் பண்ணை வேலையை முடிச்சுட்டு வந்து, "உஷா, எந்திரி. நாமக்கல்லுல ஒரு அறக்கட்டளை இருக்குதாம். அப்பன் இல்லாத பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு பாக்கறாங்களாம். நாளைக்குப் போயி பாரம் வாங்கிட்டு வரலாம்"னு இழுத்துட்டுப் போச்சு.

அக்கா கோழிப்பண்ணையில முட்டை பொறுக்கற ஆளு. ஒசரமா, எலும்பு பெருத்த ஒடம்பு. நெத்தியில காசளவுக்குக் குங்குமம், கழுத்துல கனமா மஞ்சக்கயிறு, தலையில எந்நேரமும் ஒரு துண்டுப் பூவு. கோழி எச்சத்துலயே பொழங்கறவளுக்குப் பூவு எதுக்குன்னு நாங்க கேலி பேசுவோம். "கோழிக்காச்சும் மணக்கட்டும்"னு சொல்லிட்டு அது பாட்டுக்குப் போகும். அதோட ஊட்டுக்காரரு செல்லமுத்தண்ணன் லாரிக்குப் பாடி கட்டற பட்டறையில மரவேலை. ஒரே பிள்ளை, சத்யபிரியா.

பாரம் வாங்குனோமுங்க. அட சாமி, அந்தப் பாரத்தைப் பூர்த்தி பண்றதுக்குப் புருசன் கூடவே போயிருக்கலாம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வருமானச் சான்று, ரேசன் கார்டு, ஊட்டை வெளியிலருந்து ஒரு போட்டோ, சமையக்கட்டை ஒரு போட்டோ. பொறவு ஒரு ஆளு நேருல வந்து அரிசி டப்பா மூடியைத் தொறந்து பாத்தான். தானம் வாங்கறவன் மாட்டோட பல்லைப் புடிச்சுப் பாக்கக்கூடாதும்பாங்க. இங்க குடுக்கறவன் எங்க பல்லைப் புடிச்சுப் பாத்தான். அதையும் பொறுத்துக்கிட்டேன். பையன் படிக்கோணுமல்ல.

அறக்கட்டளை பேரு பெரியக்காள் நினைவு அறக்கட்டளை. பெரியக்காள்ங்கறது சேர்மன் ஜெகதீஸ்வரனைப் பெத்தவிய. இருவத்தெட்டு வயசுல தாலியறுத்து, கூலிக்குக் களையெடுத்து, கடலைக்கொடி ஆஞ்சு மகனை ஆளாக்குனவிய. மகன் இன்னைக்கி ரெண்டு தீவன மில்லுக்கு மொதலாளி. வருசா வருசம் ஆவணியில, அவரு கல்யாண நாளன்னைக்கி, கண்ணாலம் பண்ணற மண்டபத்துலயே விழா. மேடையில அந்தம்மா போட்டோவுக்கு ஆளொசர மாலை. சேர்மன் மைக்கைப் புடிச்சு அம்மா பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லி அழுவாரு. எங்களுக்கும் அழுகை வரும்.

மொத வருசம் விழாவுக்கு நாலு நாளு முன்னாடி செக்கரட்டரி சிவக்குமாரு போன் பண்ணுனாரு. பேச்சுல தேன் ஒழுகும் அந்தாளுக்கு. "வணக்கமுங்க. தம்பிக்கு ஓகே ஆயிருச்சுங்க. நீங்க தாராளமா வரலாமுங்க, சாப்பாடெல்லாம் இருக்குது. மேடைக்கு மட்டும் தம்பி கூட ஒரு கட்டுக்கழுத்தியா அனுப்பிச்சு வைங்க. கல்யாண நாளு பாருங்க, அம்மா அதெல்லாம் கொஞ்சம் பாப்பாங்க."

அம்மான்னா சேர்மன் ஊட்டம்மா, ராஜம்மா. கட்டுக்கழுத்தின்னா கழுத்துல தாலி இருக்கறவ. எனக்கு மொதல்ல புரியவே இல்லைங்க. புருசன் செத்தாத்தான் காசு. ஆனா புருசன் செத்தவ அந்தக் காசை வாங்க மேடைக்கு வரக்கூடாது. தாலியறுத்தவ போட்டோவுக்கு மாலை போடலாம், ஊதுபத்தி கொளுத்தலாம். உசுரோட ஒருத்தி பொட்டில்லாம வந்து நின்னா மட்டும் ஆகாது. படிக்கறது ராமாயணம், இடிக்கறது பெருமாள் கோயிலு.

எனக்கு ஆத்தரம் பொத்துக்கிட்டு வந்துச்சு. காசும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு போனைத் தூக்கி வீசப் போனேன். அக்காதான் கையைப் புடிச்சுது.

"நான் போறேன் போ."

"உனக்கு எதுக்குக்கா இந்தப் பொழப்பு?"

"அவிய தாலியத்தான பாக்கறாங்க, என்ற மூஞ்சியவா பாக்கப் போறாங்க? தாலி சும்மாத்தான கெடக்குது, ஒரு நாளைக்கி உன்ற பையனுக்கு ஒழைக்கட்டும்."

சொன்னாப்பல, கண்ணாலத்துச் சீலையைக் கட்டிக்கிட்டுப் போயி நின்னுச்சு. ராஜம்மா குங்குமம் குடுத்தாங்க, அக்கா வெச்சுக்கிச்சு. சேர்மன் செக்கு குடுத்தாரு, போட்டோ புடிச்சாங்க. கீழ எறங்குன கையோட கவரை என்ற மடியில போட்டு, "இந்தா, உன்ற காசு. எனக்குப் பசிக்குது, பந்தி எங்க?"ன்னு கேட்டுச்சு. பஸ்ஸுக்குக் கூட என்கிட்ட அஞ்சு பைசா வாங்கல.

அடுத்தடுத்த வருசம் தெருவுல நாலு சாவு. ஒருத்தருக்கு மஞ்சக்காமாலை, ஒருத்தரு பைபாஸ்ல லாரி மோதி, ஒருத்தருக்கு சாராயம், ராமாயி புருசனுக்கு மட்டும் என்னன்னே தெரியல. ஒவ்வொரு ஊட்டுக்கும் பாரம் எழுதுனது நானு, பன்னெண்டாவது வரைக்கும் படிச்ச திமிரு எனக்கு உண்டு. மேடைக்குப் போனது பாவாயக்கா. சிவக்குமாரே போன்ல, "போன தடவை வந்தாங்களே, அந்தக்காவையே அனுப்பிச்சுருங்க, அம்சமா இருக்காங்க"ன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. மேடையேத்தறது மொத வருசம் மட்டுந்தான். பொறவு அவரு கையெழுத்துப் போட்டுப் புதுப்பிச்சா, காசு நேரா பேங்குக்கு வந்துரும்.

விழா முடிஞ்சா ஒரு மலரு அச்சடிப்பாங்க. பளபளன்னு காயிதம், பாதிப் பக்கம் சேர்மன் மொகரை, மீதியில பிள்ளைகளோட போட்டோ. ஒவ்வொரு போட்டோவுக்குக் கீழயும் பேரைப் போட்டு "தாயாருடன்"னு ஒரு வரி. அஞ்சு மலரு, அஞ்சு பிள்ளை, அஞ்சுக்கும் தாயாரு பாவாயக்கா. நாங்க அதைப் பாத்து வயிறு வலிக்கச் சிரிச்சோம். அந்தச் சிரிப்புக்கு வெலை இருக்குதுன்னு ஒருத்திக்கும் தெரியல.

போன சித்திரையில செல்லமுத்தண்ணன் பட்டறையில பலகைக்கு இழைப்புளி போட்டுக்கிட்டு இருந்தவரு, நெஞ்சு கரிக்குதுன்னு உக்காந்தாரு. உக்காந்தவரு எந்திரிக்கல. சத்யபிரியா நர்சிங்குல ஒரு வருசம் முடிச்சிருந்தா. ஆவணிக்குள்ள ரெண்டாம் வருசத்துப் பீஸ் கட்டலீன்னா சீட்டு இல்லை. பண்ணைக் கூலியில சோறு திங்கலாம், நர்சிங் படிக்க வெக்க முடியாது. இதுக்குன்னே ஒரு அறக்கட்டளை இருக்குது, அஞ்சு ஊட்டுக்குக் குடுத்திருக்குது, ஆறாவது ஊட்டுக்குக் குடுக்காம போகுமான்னு தைரியமாத்தான் இருந்தோம். பாரத்தை நானே எழுதுனேன். பொட்டில்லாத நெத்தியோட அக்கா எம்பக்கத்துல உக்காந்திருந்துச்சு. அந்த நெத்தியைப் பாக்க எனக்குத் திராணி இல்லை.

மேடைக்கு ஆளு தேடற வேலையே வரல. அதுக்கு முன்னாலயே அறக்கட்டளை ஆபீசுக்குக் கூப்புட்டாங்க. பிள்ளையைக் கூட்டிட்டுப் போன அக்கா திரும்பி வந்து சொன்னதைத்தான் சொல்றேன்.

ஆபீசுல கம்ப்யூட்டருக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்திருக்குது. பழைய மலரு போட்டோவெல்லாம் கம்ப்யூட்டருல ஏத்தியிருக்குது. அந்தக் கம்ப்யூட்டரு ஒரே மூஞ்சியா இருக்கறதையெல்லாம் ஒண்ணாச் சேத்துக் காட்டுமாம். பாவாயக்கா மூஞ்சி அஞ்சு தடவை வரிசையா வந்து நின்னுருக்குது. ஆறாவதா பாரத்துல ஒட்டுன போட்டோ. அஞ்சு வருசமா மனுசக் கண்ணு பாக்காத மூஞ்சியை ஒரு மிசினு பாத்துருச்சு.

சேர்மன் அஞ்சு மலரையும் மேசை மேல விரிச்சுப் போட்டாராம். "ஏம்மா, அஞ்சு குடும்பத்துக்கு அம்மாவா வந்து அஞ்சு தடவை வாங்கியிருக்க. இப்ப உன்ற பிள்ளைக்கின்னு ஆறாவது தடவையா? எங்கம்மா பேருல நடக்கற காரியம்மா இது."

"நான் வாங்கலீங்க. அந்தந்த ஊட்டுக்குத்தான் வாங்கிக் குடுத்தேனுங்க. கட்டுக்கழுத்திதான் மேடைக்கு வரோணும்னு சிவக்குமாரு தம்பி சொன்னாருங்க."

சிவக்குமாரு பைலைப் பெரட்டிக்கிட்டே, "காப்பாளரைக் கூட்டிட்டு வரச் சொன்னோமுங்க. லெட்டர்ல அப்படித்தான் இருக்குது"ன்னுட்டாரு. இருக்குந்தான். கட்டுக்கழுத்திங்கறது போன்ல பேசுன பேச்சு, போனுக்குக் கார்பன் காப்பி உண்டா? ராஜம்மா அங்கதான் உக்காந்திருந்தாங்களாம். "நான் எப்பச் சொன்னேன்? நான் அதெல்லாம் பாக்கற ஆளே இல்லை"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சு உள்ள போயிட்டாங்களாம். சேர்மனுக்கு நெசமாவே தெரியாதோ என்னமோ, எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெளியல. தெரியாதுன்னா, அப்பன் இல்லாத பிள்ளைக அத்தனை பேத்து அம்மாமாரும் பொட்டும் பூவுமா வந்து நிக்கறாங்களே, எப்படின்னு ஒரு வருசமாச்சும் அந்தாளுக்குக் கேக்கத் தோணியிருக்க வேண்டாமா?

கடைசியா சேர்மன் ஒரு வழி சொன்னாரு. அந்த அஞ்சு தாயாரும் ஒரே காயிதத்துல கையெழுத்துப் போட்டு, காசு எங்க கைக்கு வந்து சேந்துச்சு, எங்களுக்குப் பதிலாத்தான் இந்தம்மா மேடையேறுச்சு, இன்ன காரணம்னு எழுதிக் குடுக்கோணும். பத்து நாளு தவணை. குடுத்தா சத்யபிரியாவுக்குப் பீஸ், இல்லீன்னா இல்லை.

இவ்வளவுதானான்னு எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அன்னைக்கே உக்காந்து எழுதுனேன். நல்லா எழுதியிருந்தேனுங்க, ஒளிவு மறைவு இல்லாம, இன்ன தேதிக்குச் செக்கரட்டரி போன் பண்ணுனாரு, இன்னது சொன்னாருன்னு. கீழ அஞ்சு பேத்துப் பேரையும் எழுதிக் கையெழுத்துக்கு எடம் விட்டேன்.

மறுநாள் சிவக்குமாரு ஸ்கூட்டர்ல எங்க தெருவுக்கே வந்துட்டாரு. அஞ்சு வருசத்துல அந்தாளு கால் எங்க தெருவுல பட்டது அன்னைக்கித்தான். ஊடு ஊடாப் போயி தண்ணி வாங்கிக் குடிச்சாரு. "கையெழுத்துப் போடறதும் போடாததும் உங்க இஷ்டமுங்க. போட்டா, தாயாருன்னு சொல்லி வேற ஆளை அனுப்புனோம்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிப்போகுமுங்க. பொறவு உங்க பிள்ளைகளைப் புதுப்பிக்கறது என்ற கையில இல்லீங்க." அந்தத் தேனு அப்பவும் ஒழுகத்தான் செஞ்சுது. குதிரை கீழ தள்ளுனதும் பத்தாம குழியும் பறிச்சுதாம்.

அப்பறம் எங்க தெரு வீராங்கனைகளைப் பாக்கோணுமே. ராமாயிக்குக் கையெழுத்துப் போடறதே மறந்து போச்சாம். முந்தின வாரம் பேங்குல பணம் எடுக்கறப்ப மூணு எடத்துல போட்டா, நான் பக்கத்துல நின்னேன். இன்னொருத்தி அண்ணனைக் கேட்டுத்தான் போடுவாளாம். அந்த அண்ணன் கருமாதிக்கு அப்பறம் இவ வாசப்படியை மிதிச்சதில்லை. ஒருத்தி பழனிக்கு நடந்து போறேன்னு கெளம்பிட்டா. தைப்பூசத்துக்கு இன்னும் ஆறு மாசம் கெடக்குது. நாலாவது ஆளு மட்டும் மூஞ்சிக்கு நேரா, "அவ பிள்ளை படிக்கறதுக்கு என்ற பிள்ளை படிப்பை நிறுத்தச் சொல்றயா?"ன்னு கேட்டா. மத்தவளுகளுக்கு இவ தேவலை.

இத்தனை பேத்தையும் இத்தனை நக்கலாப் பேசறனே, அஞ்சாவது ஆளு நானு.

மொதல்ல அவளுக போடட்டும், நான் கடைசியாப் போடறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். நாலு பேருமே போடலீன்னு ஆனப்பறம் எந்தச் சாக்கும் மிச்சம் இல்லை. பத்தாவது நாளு காத்தால அக்கா பண்ணைக்குப் போறப்பவே நின்னு, "நீ ஒருத்தி போட்டாக் கூடப் போதும் உஷா. உன்ற எழுத்து, உன்ற கையெழுத்து. மத்தியானம் வாரேன், ரெண்டு பேருமே போயிக் குடுத்துட்டு வந்துரலாம்"னு சொல்லுச்சு. "அய்யோ அக்கா, இன்னைக்கி நான் ராசிபுரம் போகோணுமே, பெரியப்பாவுக்கு ஒடம்பு சரியில்லை"ன்னேன். வாய் கூசாம வந்துச்சு. "வர எந்நேரமாகும்?"னு கேட்டுச்சு. தெரியலேன்னேன்.

ராசிபுரமும் போகல, ஒரு பக்கமும் போகல. சரவணக்குமாரு பாலிடெக்னிக்குக் கெளம்பறப்ப, வெளிய பூட்டிட்டுப் போடான்னேன். அவன் என்னைய ஒருக்கா பாத்தான். பூட்டிட்டுப் போனான். அவனுக்கு இன்னும் ஒரு வருசப் படிப்பு இருக்குது. அதைத்தான் நான் மனசுல வெச்சுக்கிட்டு உள்ள உக்காந்திருந்தேன், பேன் கூடப் போடாம.

மத்தியானம் அக்கா வந்துச்சு. "உஷா"ன்னு மூணு தடவை கூப்புட்டுச்சு. ஜன்னல் சந்துல எனக்கு அதோட கையி தெரிஞ்சுது, கையில பஸ்ஸுக்குப் போற பையி. ஆடிச் சாரல் விழுந்துக்கிட்டு இருந்துச்சு. பூட்டைப் பாத்துச்சு. கீழ பாத்துச்சு. படியில என்ற செருப்பு கெடந்துச்சு. எனக்கு இருக்கறதே அந்த ஒரு ஜோடிதான், அது அக்காவுக்கும் தெரியும். அப்பறம் குனிஞ்சு, நனையாம அந்தச் செருப்பை எடுத்துச் செவுத்தோரம் தள்ளி வெச்சுட்டு, எதுத்தாப்பல போயி கதவைச் சாத்திக்கிச்சு.

அத்தோட முடிஞ்சுது. பாரத்து மேல செவப்பு மையில ஒரு கோடு போட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. சத்யபிரியா ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டுத் தகரப்பெட்டியோட வந்து எறங்குனா. பத்து நாளுல திருப்பூருக்கு, பனியன் கம்பெனிக்குப் போயிட்டா. ஊசி போடக் கத்துக்க வேண்டிய பிள்ளை இப்ப பனியனுக்கு நூலு பிசிறு வெட்டுது.

இதோட விட்டாங்களா? அறக்கட்டளைக்குத் திடீர்னு ஞானம் பொறந்துருச்சு. ஆள்மாறாட்டம் நடக்கக்கூடாதுன்னு, இந்த ஆவணியில பழைய ஆளுக, புது ஆளுக அத்தனை பேரும் மேடைக்கு வரோணும், பெத்த தாயே வரோணும், ஆதாரு கொண்டாந்து காட்டோணும்னு சொல்லிட்டாங்க. சிவக்குமாரு மைக்குல பேசுனாரு பாருங்க. விதவைத் தாய்மார்களை மேடையேத்தி மரியாதை பண்ற மொத அறக்கட்டளை இந்தச் சில்லாவுலயே நம்முளுதுதான்னாரு. மண்டபமே கை தட்டுச்சு. சேர்மன் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு. ராஜம்மா மேடையில இல்லை, தலைவலியாம்.

என்ற பேரைக் கூப்புட்டாங்க. போனேன். கழுத்துல ஒரு துண்டைப் போத்துனாங்க, கையில கவரைக் குடுத்தாங்க. அஞ்சு வருசமா ஏறக்கூடாதுன்னு இருந்த மேடையில வெறும் நெத்தியோட நின்னேன். பாவாயக்கா ஊட்டைக் கெடுத்துக் கட்டுன படியில ஏறித்தான் நின்னேன். எனக்கு வெக்கமா இருந்துச்சுங்க. கவரை மட்டும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன்.

அக்கா என்கிட்ட பேசாம இல்லை. குழாயடியில பாத்தா, "சோறாக்கிட்டயா?"ன்னு கேக்கும். ராசிபுரத்தைப் பத்தி மட்டும் இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேக்கல. பெரியப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குதுன்னு சும்மா ஒரு பேச்சுக்குக் கூடக் கேக்கல.

தீவாளிக்குச் சத்யபிரியா வந்திருந்தா. அம்மா குடுத்துவிட்டுச்சுன்னு அதிரசம் கொண்டாந்து குடுத்தா. இந்த வருசத்து மலரு டிவி மேல கெடந்துச்சு. எடுத்து நின்னவாக்குலயே பெரட்டுனா. நானும் பையனும் நிக்கற பக்கத்துல நிறுத்துனா. கீழ "தாயாருடன்"னு போட்டிருக்குது.

"எங்கம்மா இல்லாத மலரு இதுதானுங்க சின்னம்மா மொதத் தடவை"ன்னா. குத்திக் காட்டுன மாதிரி இல்லை, பாத்ததைச் சொன்னா.

"ஆமா கண்ணு"ன்னேன்.

"சரவணனுக்குப் பீஸ் கட்டியாச்சுங்களா?"

"கட்டியாச்சு."

"நல்லதுங்க"ன்னுட்டு மலரை எடுத்த எடத்துலயே வெச்சா. வெரல் நுனியெல்லாம் கத்தரிக்கோலு பட்டுக் காச்சுப் போயிருந்துச்சு. டீ வெக்கட்டுமான்னு கேட்டேன். திருப்பூரு பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கன்னு போயிட்டா.